உயிரோடு இருப்பவர்களுக்கு ஒரு வளையம்

"ஏம்மா, உயிரோட இருக்கிறவங்களுக்கு வளையம் வைக்க மாட்டாங்களா?"

பாப்பா இதைக் கேட்டபோது அவளுக்கு ஆறு வயது. ஆஸ்பத்திரியின் பின்வாசலுக்கு எதிரே இருந்த கடையில், வைக்கோல் சுற்றிய வட்டங்களுக்கு நடுவே உட்கார்ந்து, நறுக்கிப் போட்ட பூக்காம்புகளைக் கையால் குவித்து விளையாடிக்கொண்டிருந்தாள். அம்மா பல்லிடுக்கில் நூலைக் கடித்தபடி ஒரு பெரிய மலர்வளையத்துக்கு வெள்ளைச் செவ்வந்தி வைத்துக் கட்டிக்கொண்டிருந்தாள். வளையம் வாங்க வந்தவர்கள் அழுது சிவந்த முகத்தோடு வாசலில் நின்றிருந்தார்கள். அவர்கள் எதிரில் என்ன பதில் சொல்வது? "சும்மா இரு பாப்பா" என்றாள்.

பதில் சொல்லாமல் விட்ட கேள்வி எங்கும் போய்விடுவதில்லை. வீட்டுக்குள்ளேயே ஏதோ ஒரு மூலையில் உட்கார்ந்திருக்கும். மூன்று வருஷம் கழித்து, கிறிஸ்துமஸுக்குப் பன்னிரண்டு நாள் இருக்கும்போது, அது எழுந்து வந்தது.

அன்று பள்ளிக்கூடத்தில் வெள்ளித்தாளில் நட்சத்திரம் வெட்டினார்களாம். பாப்பா வெட்டி முடித்து, பக்கத்தில் உட்கார்ந்திருந்த, அவர்கள் கட்டடத்திலேயே குடியிருக்கும் பிள்ளையிடம் கத்திரிக்கோலை நீட்டியிருக்கிறாள். அந்தப் பிள்ளை வாங்கவில்லை. "கீழ வை. அப்புறம் எடுத்துக்கிறேன்" என்றதாம். கீழே வைத்த பிறகுகூட அதைத் தன் பாவாடையில் துடைத்துவிட்டுத்தான் எடுத்ததாம்.

"சாவு வளையம் கட்டுற கையாம் எனக்கு" என்றாள் பாப்பா. அழவில்லை. அழுதிருந்தால் அம்மாவுக்குச் சுலபமாக இருந்திருக்கும். "பண்டிகைக்கு முந்தின நாள் வீடு வீடாப் போய்ப் பாடுவோமில்ல? நம்ம வீட்டு வாசலுக்கு மட்டும் வர மாட்டாங்களாம். நான் பாடப் போகலம்மா."

அம்மா அடுப்பைத் தணித்துவிட்டுக் கையைத் துடைத்தாள்.

"நம்ம கட்டடத்துல மொத்தம் எத்தனை கதவு?"

"இருபத்து நாலு."

"நம்முது போக?"

"இருபத்து மூணு. எதுக்கும்மா?"

"இருபத்து நாலு கதவுலயும் நம்ம கை கட்டின வளையம் தொங்கணும். அதுக்கப்புறம் யாரு வர மாட்டேங்கிறாங்கன்னு பார்ப்போம்."

இரவுச் சாப்பாட்டின்போது அம்மா விஷயத்தைச் சொன்னதும் அவள் வீட்டுக்காரர் வாயில் வைத்த கவளத்தை விழுங்க மறந்தார்.

"வளையம் கட்டிக் கட்டி உன் மூளையும் வட்டமாப் போச்சா?"

"போனாப் போகட்டும்."

"நம்மளைப் பார்த்தாலே பாதிப் பேர் ஓரமா ஒதுங்கிப் போறான். நீ கதவுலயே கொண்டுபோய் மாட்டுறேங்கிற. இருபது வருஷமா சாவைப் பார்த்துட்டேன், பயந்ததில்ல. உன் யோசனைதான் பயமா இருக்கு."

"பணக்காரங்க வீட்டுக் கதவுல தொங்குதே, அதுவும் வளையம்தானேங்க? அதைப் பார்த்து யாரும் அழலையே. அது பச்சையும் சிவப்புமா இருக்கு, நம்முது வெள்ளையா இருக்கு. அவ்வளவுதான் வித்தியாசம்."

"பூ விக்கிற விலைக்கு இருபத்து நாலா?"

"பூவை யாரு தொட்டா? ஒரு பூ கிடையாது. காசே ஆகாது, பாருங்க."

சுவரோரம் உட்கார்ந்து வெள்ளித்தாளை வெட்டிக்கொண்டிருந்த வீட்டுக்காரரின் அக்கா தலை நிமிர்ந்தாள். கல்யாணம் ஆகாமல் தம்பி வீட்டோடு இருப்பவள். மலர்வளையத்தின் குறுக்கே சாய்வாக ஒட்டுகிற ரிப்பனுக்கு இருபது வருஷமாக எழுத்து வெட்டுகிறாள். அளவுகோல் இல்லாமல், கோடு போடாமல், கத்திரியை நிறுத்தித் தாளைத் திருப்பித் திருப்பி வெட்டுவாள். அச்சடித்த மாதிரி வரும். அதனால் அவளுக்கு எழுத்தத்தை என்றே பெயர். மெய்யெழுத்துக்கு வைக்கும் புள்ளிகளைத் துளை போடும் மெஷினில் குத்தி எடுத்து, ஒரு மாத்திரை டப்பாவில் சேர்த்து வைத்திருப்பாள். "எழுத்துகூடக் கோணலா இருக்கலாம். புள்ளி விட்டா ஆளே மாறிப் போயிடும்" என்பாள்.

"நல்லாத்தான் சொல்றா" என்றாள் எழுத்தத்தை. "செய்யட்டும்டா. எனக்கும் நல்ல காரியத்துக்கு ஒருவாட்டி கத்திரி பிடிக்கணும்னு ஆசை."

மறுநாளே வேலை தொடங்கிற்று. துணி தேய்க்கிறவரிடம் வளைந்து நெளிந்த கம்பி ஹேங்கர்கள் ஒரு சாக்கு நிறையக் கிடந்தன. "எடுத்துட்டுப் போம்மா, இடம் காலியாகும்" என்று தூக்கிக் கொடுத்தார். தையல்காரர் இரண்டு மூட்டை வெட்டுத்துணி தந்தார். பச்சை லைனிங், சட்டைக் கழுத்து வெட்டியது, யாருடைய பாவாடை விளிம்போ. பழக்கடையில் பழம் வைக்கும் அட்டை கிடைத்தது.

ஹேங்கரை முழங்காலில் வைத்து இழுத்து வட்டமாக்கினார்கள். கொக்கி அப்படியே மேலே நின்றுகொண்டது. கதவில் மாட்ட ஆணிகூட வேண்டாம். துணியை விரல் அகலத்துக்கு, அரைச் சாண் நீளத்துக்குக் கிழித்து, கம்பியில் ஒரு முடிச்சு, பக்கத்தில் இன்னொரு முடிச்சு, நெருக்கித் தள்ளி மறுபடி ஒன்று என்று கட்டிக்கொண்டே போனால் கம்பி மறைந்து, இலை அடர்ந்த மாதிரி வந்துவிடும். ஒரு வளையத்துக்கு நூற்றறுபது முடிச்சு. அட்டையில் நட்சத்திரம் வெட்டி, சிவப்புத் துணி சுற்றி ஒரு பக்கம் ஒட்டினாள் பாப்பா.

மழை பெய்தால் பெய்துகொண்டே இருக்கிற வாரம் அது. ஜன்னலைத் திறந்தால் சாரல், மூடினால் மூச்சு முட்டும். கடையடைத்து வந்து, சாப்பிட்டு, மூன்று பெண்களும் கட்ட உட்காருவார்கள். முதல் இரண்டு நாள் வேடிக்கை பார்த்த வீட்டுக்காரர் மூன்றாம் நாள், "உன் முடிச்சு தளருது, தள்ளு" என்று நடுவில் வந்து உட்கார்ந்தார். அதற்கப்புறம் அவரைக் கிளப்ப முடியவில்லை.

"சாவு வளையம்னா இந்நேரம் நாப்பது கட்டியிருப்பேன்" என்றார் ஒரு நாள், கையை உதறிக்கொண்டு.

"அது நாளைக்கு வாடிடும். இது அடுத்த வருஷமும் இருக்கணும். பொறுமையாக் கட்டுங்க."

இருபத்து நான்கும் முடிந்து கொடிக்கயிற்றில் வரிசையாகத் தொங்கியபோது அறையே தோட்டம் மாதிரி இருந்தது. அம்மா முடிச்சு போட்டுக் கொப்புளித்த கைகளைக் கூப்பி, "ஆண்டவரே, என் பிள்ளை கையைத் தொடுறதுக்கு யாரும் அஞ்சாம இருக்கணும்" என்று மட்டும் வேண்டிக்கொண்டாள்.

பண்டிகைக்கு இரண்டு நாள் முன்னால் பின்னிரவில் ஒரு பெரிய சாவு. கடையில் பன்னிரண்டு வளையம் கேட்டார்கள். "சாயங்காலம் நானே வந்து ஒவ்வொரு வீடாச் சொல்லிக் கொடுத்துக்கிறேன்" என்று எழுத்தத்தையிடம் சொல்லிவிட்டு அம்மா விடியுமுன் வீட்டுக்காரரோடு கிளம்பினாள்.

எழுத்தத்தைக்கு இருப்புக்கொள்ளவில்லை. அவளிடம் ஒரு ரகசியம் இருந்தது. ஒரு வாரமாகக் கடையில் ஆள் இல்லாத நேரமெல்லாம் அவள் வெட்டிச் சேர்த்தது அது. கட்டடத்து வாசலில் இருக்கும் தபால் பெட்டிகளைப் பார்த்து, இருபத்து மூன்று வீட்டுத் தலைவர்களின் பெயரையும் குறித்துக்கொண்டு, சிவப்பு ரிப்பனில் வெள்ளி எழுத்தாக ஒட்டி வைத்திருந்தாள். வெறும் வளையமாகக் கொடுத்தால் யாருக்கோ கொடுக்கிற மாதிரி இருக்காதா? பெயர் இருந்தால்தானே மரியாதை? இருபது வருஷப் பழக்கம் அவளுக்கு அப்படித்தான் சொன்னது. ஒவ்வொரு வளையத்தின் குறுக்கேயும் சாய்வாக ரிப்பனைக் கட்டி, பாப்பாவைக் கூட்டிக்கொண்டு, மாடி மாடியாக ஏறி, பெட்டியில் இருந்த எண்படி ஒவ்வொரு கதவிலும் மாட்டிவிட்டு வந்தாள்.

பன்னிரண்டையும் கட்டிக் கொடுத்துவிட்டு மதியமே அம்மாவும் வீட்டுக்காரரும் கடையிலிருந்து வந்தபோது சத்தம் தெருமுனையிலேயே கேட்டது.

"யாரும்மா செத்துட்டா எங்க வீட்டுல?" வளையத்தைக் கொக்கியோடு பிடித்து ஆட்டிக்கொண்டு நின்றாள் இரண்டாம் மாடி லாரிக்காரரின் மனைவி. "மனுஷன் நேத்துத்தான் லோடு ஏத்திக்கிட்டுப் போயிருக்காரு. மழையில நாலு நாள் ஓட்டம். அவர் பேரைக் கொட்டை எழுத்துல எழுதி வளையத்துல மாட்டி வச்சிருக்கீங்களே, எப்படிம்மா மனசு வந்துது?"

"சந்தோஷமாத்தாம்மா எழுதினேன்..." எழுத்தத்தையின் குரல் உள்ளேயே போயிற்று.

"கேட்டுக்குங்க! சந்தோஷமா வேற எழுதினாங்களாம்!"

டியூஷன் வாத்தியார் கண்ணாடியைத் தூக்கிவிட்டுக்கொண்டார். "எழுதினதுதான் எழுதினீங்க. என் பேருக்குச் சின்ன ர போடணும். பெரிய ற போட்டிருக்கீங்க. சாகிறப்பவாவது பிழையில்லாமச் சாக விடுங்க."

பின்னாலிருந்து யாரோ சிரித்து, சிரிப்பை இருமலாக மாற்றினார்கள். ஆனால் வளையங்கள் வந்துகொண்டே இருந்தன. சிலர் கையில் கொடுத்தார்கள். சிலர் வாசலில் போட்டுவிட்டு, குளிக்க வேண்டும் என்று சொல்லிக்கொண்டே போனார்கள்.

வீட்டுக்குள் எழுத்தத்தை சுவரைப் பார்த்து உட்கார்ந்துவிட்டாள். "என்னைத் திட்டிடு. வாய் திறந்து திட்டிடு. நீ பேசாம நிக்கிறதுதான் தாங்கல."

அம்மாவுக்குத் திட்ட வேண்டும்போலத்தான் இருந்தது. வாய்வரை வந்தது. சுவர்ப் பக்கம் திரும்பியிருந்த முதுகையும், ரிப்பன் வெட்டி வெட்டிக் காய்த்துப்போன அந்தக் கட்டைவிரலையும் பார்த்தாள். "எழுந்து தண்ணி குடிங்க அண்ணி" என்றாள். "கெட்டது நினைச்சா எழுதினீங்க? கை பழகினதைச் செஞ்சிடுச்சு."

பாப்பா வாசலில் குவிந்ததை எண்ணிக்கொண்டிருந்தாள். "அம்மா, இருபத்து ரெண்டுதான் இருக்கு. ஒண்ணு வரல."

மொட்டைமாடியை ஒட்டிய கடைசி வீடு அது. தனியாக இருக்கும் வாட்ச்மேனுடையது. ராத்திரி வேலை பார்த்துப் பகலில் தூங்குகிறவர். அவருக்கு இன்னும் சங்கதி தெரியாது. எழுந்து பார்த்துக் கத்துவதற்குள் எடுத்துவிடலாம் என்று அம்மாவும் பாப்பாவும் மேலே ஓடினார்கள். போய்ச் சேரும்போது அவர் கதவுக்கு முன்னால் நின்று வளையத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"மன்னிச்சிடுங்கண்ணே. இதை எடுத்துட்டுப் போயிடுறோம்."

"ஏன் தங்கச்சி? ஆள் மாறி மாட்டிட்டீங்களா?"

"இல்லண்ணே. அதுல எழுதியிருக்கில்ல..."

"அது என்ன எழுத்து? நானும் எழுந்ததிலேர்ந்து பார்க்கிறேன். நமக்கு எழுத்தும் தெரியாது ஒண்ணும் தெரியாது. பண்டிகை வாழ்த்தா?"

"உங்க பேரு மாமா" என்றாள் பாப்பா.

அவர் வளையத்துக்கு இன்னும் கிட்டே போனார். பிறகு விரலை ரிப்பன் மேல் வைத்தார். "எங்க ஆரம்பிக்குது?" பாப்பா காட்டினாள். விரல் ஒவ்வொரு எழுத்தாக நகர்ந்து, கடைசி எழுத்தின் தலையில் இருந்த புள்ளியில் போய் நின்றது.

"என் பேரு இவ்வளவு நீளமா?" என்றார். "சம்பளத்துக்குக் கட்டைவிரலை வச்சிட்டு வந்துடுவேன். வேலை பார்க்கிற கேட்டுல என்னை வாட்ச்மேன்ம்பாங்க. இங்க மேல்வீட்டு ஆளு. என் பேரை இப்படி மினுமினுன்னு எழுதி இப்பத்தான் பார்க்கிறேன்."

"அண்ணே, இது மலர்வளையத்துக்கு எழுதுற மாதிரி. அதான் கீழ ஒரே சண்டை. எல்லாரும் திருப்பிக் கொண்டாந்து போட்டுட்டாங்க."

அவர் சிரித்தார். "செத்தப்புறம் எழுதினா நான் எப்படிம்மா பார்க்கிறது? இது இங்கதான் இருக்கும். கையை வச்சீங்க, போலீசுக்குப் போயிடுவேன்."

அதோடு நிற்காமல் லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு அவர்களோடு கீழே இறங்கினார். படியில் லாரிக்காரர் மனைவி இன்னும் பேசிக்கொண்டிருந்தாள்.

"ஏம்மா, உன் வீட்டுக்காரர் லாரிக் கதவுல அவர் பேரு எழுதியிருக்கா இல்லையா?"

"எழுதியிருக்கு. அதுக்கென்ன?"

"அதுல ஏறி உட்கார்ந்துதானே பதினஞ்சு வருஷமா ஓட்டுறாரு? லாரியில எழுதினா ஓடுவாரு, ரிப்பன்ல எழுதினா செத்துடுவாரா? என் கதவைப் போய்ப் பாரு. என் பேரு தொங்குது. நான் செத்தா மாதிரியா இருக்கேன்?"

"தூங்கி எழுந்தா அப்படித்தான் இருக்கீங்க" என்றார் டியூஷன் வாத்தியார். இந்தத் தடவை சிரிப்பை யாரும் இருமலாக மாற்றவில்லை.

ஆனாலும் லாரிக்காரர் மனைவி மசியவில்லை. "என்ன சொன்னாலும் இவங்க கை கட்டினது அண்ணே. எனக்கு மனசு ஒப்பல."

பாப்பா அம்மாவின் சேலைக்குப் பின்னால் போய் நின்றாள். அந்த இரண்டு சின்னக் கைகளும் முதுகுக்குப் பின்னால் ஒளிந்துகொள்வதை அம்மா பார்த்தாள். வீட்டுக்குள் போனாள். கத்திரிக்கோலோடு வந்து, மாடிப்படி திரும்புகிற இடத்தில், எல்லாரும் ஏறி இறங்கும் வழியிலேயே உட்கார்ந்தாள். ரிப்பன்களை ஒவ்வொன்றாக அவிழ்த்தாள். பிறகு முதல் வளையத்தை எடுத்துப் பாதி முடிச்சுகளை நறுக்கித் தள்ளினாள். எண்பது முடிச்சு. பச்சைத் துணி படியில் கொட்டியது.

"என்ன பண்ற நீ!" வீட்டுக்காரர் பதறினார்.

"எங்க கை கட்டினது பாதி இருக்கட்டும்" என்றாள் அம்மா, எல்லாருக்கும் கேட்கும்படி. "மீதிக் கம்பி உங்களுக்கு. உங்க வீட்டுப் பழந்துணியைக் கொண்டாங்க. உங்க கையால முடிச்சு போடுங்க. ஒரு முடிச்சுப் போடத் தெரியாதவங்க யாரும் இங்க இல்ல. வரலேன்னாலும் நான் இங்கதான் உட்கார்ந்திருப்பேன். நாளைக்கும் உட்கார்ந்திருப்பேன்."

இரண்டாவதை எடுத்தாள். மூன்றாவதை எடுத்தாள். மழை ஜன்னல் வழியே அடித்தது. பாப்பா வந்து பக்கத்தில் உட்கார்ந்து, நறுக்கிய துணியைப் பொறுக்கிச் சீராக அடுக்கினாள். ஏறி இறங்கியவர்கள் காலைத் தூக்கி வைத்துத் தாண்டிப் போனார்கள். ஒரு மணி நேரம் யாரும் நிற்கவில்லை.

முதலில் வந்தவர் டியூஷன் வாத்தியார். கையில் ஒரு பழைய வேட்டி. "சும்மா பார்க்கத்தான் வந்தேன்" என்றார். பார்த்தவர் உட்கார்ந்தார். அவர் போட்ட முடிச்சு நிற்காமல் அவிழ்ந்து அவிழ்ந்து விழுந்தது. பாப்பா கையை நீட்டினாள், பாதியில் இழுத்துக்கொண்டாள். "சொல்லிக் கொடும்மா, ஏன் நிறுத்திட்ட?" என்று அவரே அவள் கையைப் பிடித்துத் தன் விரல்மேல் வைத்துக்கொண்டார். நாலாம் முடிச்சு நின்றது.

விளக்கு போடுகிற நேரத்துக்குப் படிகளில் இடம் இல்லை. ஒரு வீட்டில் குழந்தையின் சின்னதாகிப் போன கவுன், ஒரு வீட்டில் ஜன்னல் திரை. யாரோ பட்டன்களைக் கோத்துக் கட்டினார்கள். "தள்ளி உட்காரு, உன் வீட்டு வளையம் என் மடியில கிடக்கு" என்று பேச்சு. கடைசியாக லாரிக்காரர் மனைவி வந்தாள். கணவருடைய கிழிந்த காக்கிச் சட்டையின் கை ஒன்று அவளிடம் இருந்தது. யார் முகத்தையும் பார்க்காமல் அதை நீட்டினாள்.

"காக்கி நல்லா இருக்குமா?"

"ரொம்ப நல்லா இருக்கும்" என்றாள் அம்மா. "கத்திரி வேணுமே. பாப்பா, குடு."

பாப்பா நீட்டினாள். லாரிக்காரர் மனைவி அவள் கையிலிருந்தே வாங்கிக்கொண்டாள்.

பண்டிகைக்கு முந்தின நாள் சாயங்காலம் பத்தொன்பது கதவுகளில் வளையம் தொங்கியது. ஐந்து கதவுகள் வெறுமையாகவே இருந்தன. அவர்களை யாரும் ஒன்றும் சொல்லவில்லை. பாடுகிற பிள்ளைகள் பாப்பாவின் வீட்டு வாசலுக்கும் வந்தார்கள். பாப்பா செருப்பைப் போட்டுக்கொண்டு ஓடி வரிசையில் நின்றாள். அன்று பள்ளிக்கூடத்தில் பாவாடையில் கத்திரியைத் துடைத்த பிள்ளை கொஞ்சம் நகர்ந்து இடம் விட்டது. உள்ளே எழுத்தத்தை, ரிப்பன்களிலிருந்து எழுத்துகளைக் கிழியாமல் உரித்து, புள்ளிகளை மட்டும் மாத்திரை டப்பாவில் திரும்பச் சேர்த்துக்கொண்டே, சுருதி சேராமல் கூடவே பாடினாள்.

கிறிஸ்துமஸ் அன்று மதியம், சாப்பிட்ட களைப்பில் கட்டடமே உறங்கியது. மழை விட்டிருந்ததால் அம்மா பாய்களை உலர்த்த மொட்டைமாடிக்கு ஏறினாள். வாட்ச்மேன் வீடு பூட்டியிருந்தது. மற்ற காவலாளிகள் லீவு எடுத்ததால் அவர் பகலும் ராத்திரியும் சேர்த்துப் பார்க்கப் போயிருந்தார்.

வளையம் கதவில் இருந்தது. மேல்தளத்துக் காற்றும் சாரலும் பட்டு ரிப்பன் கொஞ்சம் சுருங்கியிருந்தது. எழுத்துகள் எல்லாம் இருந்தன. கடைசி எழுத்தின் புள்ளி மட்டும் இல்லை. ஈரத்தில் பசை விட்டுவிட்டது போலிருக்கிறது. அம்மா குனிந்து தேடினாள். வாசலில் இல்லை, படியில் இல்லை. காற்று கொண்டுபோய்விட்டது.

அவருக்குத் தெரியப்போவதில்லை. படிக்கத் தெரியாத மனிதர். இன்னும் பத்து வருஷம் அது அப்படியே தொங்கினாலும் தன் பேர் என்றே நினைத்துக்கொண்டிருப்பார்.

அவள் பாய்களை அங்கேயே வைத்துவிட்டு நாலு மாடியும் இறங்கினாள். எழுத்தத்தை தூங்கிக்கொண்டிருந்தாள். தலைமாட்டிலிருந்த மாத்திரை டப்பாவைச் சத்தமில்லாமல் திறந்து ஒரு புள்ளியை எடுத்தாள். யார் பெயரிலிருந்து உரித்ததோ. பக்கத்திலிருந்த பசைக் கிண்ணத்தின் அடியில் ஒட்டியிருந்த மிச்சத்தைச் சுண்டுவிரலில் வழித்துக்கொண்டு மறுபடி ஏறினாள். மூச்சு வாங்கியது.

புள்ளியை அதன் இடத்தில் வைத்து, கட்டைவிரலால் அழுத்திப் பிடித்துக்கொண்டாள். ஈரக் காற்றில் சீக்கிரம் பிடிக்காது. கை கடுத்தது. மாற்றாமல் நின்றாள். பசை காய்ந்துவிட்டது என்று விரலுக்குத் தெரிந்த பிறகு மெதுவாக எடுத்துப் பார்த்தாள். பெயர் முழுசாக இருந்தது.

பாய்களைத் தூக்கிக்கொண்டு மொட்டைமாடிக்குப் போனாள்.